மூன்று பக்க ஆர்டிஐ மனுவுக்கு இரண்டு வரிப் பதில்: எப்படிச் சுருக்குவது?

#1 வயல்வெளி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் ரோடு பெயர்ந்துபோனது பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டோம். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் எழுதியது. மூன்று பக்கம். வந்த பதில் இது: "தாங்கள் கோரிய தகவல் குறிப்பாக இல்லை. மேலும் ஏன், யார் பொறுப்பு என்பன போன்ற வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வரா."

சுருக்கி எழுதித் திரும்பப் போடு என்கிறான் கூட்டாளி. சுருக்கினால் மனுவின் வலு போய்விடாதா? முதல் பத்தியைக் கீழே தருகிறேன். மற்ற இரண்டு பக்கமும் இதே போக்குதான்.

"மேற்படி கிராமத்தில் நீண்ட நெடுங்காலமாக வசித்து வரும் நாங்கள் அனைவரும் விவசாயக் கூலி வேலை செய்து பிழைப்பு நடத்தி வரும் ஏழை எளிய மக்கள் என்பதையும், எங்கள் தெருவில் கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு போடப்பட்ட சிமெண்ட் சாலையானது தரமற்ற முறையில் போடப்பட்ட காரணத்தால் முதல் மழையிலேயே பெயர்ந்து குண்டும் குழியுமாக மாறி, பள்ளி செல்லும் குழந்தைகளும் முதியோர்களும் கர்ப்பிணிப் பெண்களும் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருவதையும், இதுகுறித்துப் பலமுறை சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் நேரிலும் மனு மூலமாகவும் தெரிவித்தும் இதுநாள் வரை எந்தவித நடவடிக்கையும் எடுக்கப்படாத நிலையில், மேற்படி சாலை ஏன் தரமற்ற முறையில் போடப்பட்டது, இதற்கு யார் பொறுப்பு, ஒதுக்கப்பட்ட நிதி எங்கே போனது, சம்பந்தப்பட்டவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள் என்பதையும், மற்றும் அனைத்து விவரங்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் வழங்கி உதவுமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

#2 திண்ணை

ஒரே வாக்கியமா இது! முற்றுப்புள்ளி வரைக்கும் மூச்சுப் பிடித்துப் படித்தேன்.

#3 செம்பருத்தி

பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை எனக்கு. இந்த மாதிரி வாக்கியங்களைத் தினமும் பிரித்துப் போடுகிறேன், அதனால் சொல்கிறேன்.

முதல் வரியில் "ஏழை எளிய மக்கள் என்பதையும்" என்று தொடங்குகிறது. அடுத்து "ஆளாகி வருவதையும்". இந்த இரண்டு "ஐயும்" எந்த வினையில் போய் முடிகிறது என்று பாருங்கள். இடையில் "தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே எல்லாம் கடைசியில் இருக்கும் "வழங்கி உதவுமாறு" என்பதில் போய் விழுகிறது. அதாவது, நீங்கள் ஏழைகள் என்பதையும், கர்ப்பிணிகள் துயரப்படுகிறார்கள் என்பதையும் அலுவலகம் உங்களுக்கு வழங்கி உதவ வேண்டும்! எழுதியவருக்கும் இது தெரிந்திருக்காது, படித்த அலுவலருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு தூரம் யாரும் ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க முடியாது.

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் நீள நீள, யார் என்ன செய்தார் என்பது தள்ளிக்கொண்டே போகும். எழுத்து வழக்கில் இது அழகாகவும் அமையும், ஆனால் மனுவில் வேண்டாம். "எடுக்கப்படாத நிலையில்" என்கிறீர்கள். எடுக்காதது யார்? "சம்பந்தப்பட்ட அதிகாரிகள்" என்றால் யார்? எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள்? கிட்டத்தட்ட நூறு சொல் இருக்கிறது, இதில் ஒரு தேதி இல்லை, ஒரு தெருப் பெயர் இல்லை.

#4 நெல்லைக்காரன்

நீங்கள் சொல்வது பத்திரிகைக்குச் சரி அக்கா. இது ஜனங்களின் மனு. பிள்ளைகள் விழுந்து எழுந்து போகிற வேதனையை எழுதாமல் "நகல் தரவும்" என்று நாலு வரியில் எழுதினால், எவனோ கணக்குக் கேட்கிறான் என்று தூக்கி ஓரமாக வைப்பார்கள். மூன்று பக்கம் எழுதினால்தான் ஆள் விவரமானவன் என்று ஒரு பயம் இருக்கும். சுருக்கமாக எழுது என்று சொல்வதே வாயை மூடு என்று சொல்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது.

#5 பழைய கோப்பு

ஊரக வளர்ச்சித் துறையில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு நெல்லைக்காரர் தம்பி முடிவு செய்யட்டும்.

தபால் வரும். முத்திரை போட்டு எண் கொடுத்து, சம்பந்தப்பட்ட பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏற்றுவார்கள். அவர் மேசையில் ஆர்டிஐ மட்டுமா இருக்கும்? முதலமைச்சர் தனிப்பிரிவு மனு, கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்த மனு, தணிக்கைத் தடை, மாவட்டத்துக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கை எல்லாம் இருக்கும். அவர் உங்கள் மனுவை வாசிப்பதில்லை. தேடுகிறார். என்ன தேடுகிறார்? எந்தப் பீரோவைத் திறக்க வேண்டும் என்று தேடுகிறார்.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆவணத்தின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் கோடு போடுவேன். "மதிப்பீடு" என்று இருந்தால் ஒரு கோடு, அது பொறியியல் பிரிவுக்கு. "பணம் வழங்கிய பட்டியல்" என்று இருந்தால் ஒரு கோடு, அது கணக்குப் பிரிவுக்கு. வயல்வெளி தம்பி போட்டிருக்கும் பத்தியில் பென்சிலுக்கு வேலையே இல்லை. ஒரு ஆவணத்தின் பெயர்கூட இல்லை. அப்போது "குறிப்பாக இல்லை" என்று எழுதிவிடுவது எளிது, சட்டப்படி வசதியும்கூட.

வேதனையைப் படித்து மனம் இளகுகிற உதவியாளர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இளகிய பிறகும் அவருக்கு எந்தப் பீரோ என்று தெரியாது அல்லவா?

இன்னொன்று. பயம் என்றீர்கள். மூன்று பக்க மனுவைக் கண்டு எங்கள் அலுவலகத்தில் யாரும் பயந்ததில்லை. அரைப் பக்கத்தில், வரிசை எண் போட்டு, "இந்தப் பணிக்கான அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள்" என்று எழுதி வரும் மனுவைப் பார்த்தால்தான் பொறியாளர் எழுந்து வந்து "யார் இந்த ஆள்?" என்று கேட்பார்.

#6 திண்ணை

கடைசி வரிக்கு ஒரு சல்யூட் ஐயா.

#7 கறுப்புக்கோட்டு

மதுரையில் வக்கீல். சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். "வரையறைக்குள் வரா" என்ற பதில் அலுவலகம் இட்டுக்கட்டியது அல்ல.

தகவல் என்றால் என்ன என்பது பிரிவு 2(எஃப்)-இல் இருக்கிறது. பதிவேடு, ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, சுற்றறிக்கை, ஆணை, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி என்று நீளமான பட்டியல். எல்லாமே ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருக்கிற பொருட்கள். "ஏன் செய்தாய்" என்று கேட்டால் அலுவலர் புதிதாக உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டும். அந்தக் கடமை இந்தச் சட்டத்தில் இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008-இல் சொன்னது. கையில் இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தரவோ கருத்துச் சொல்லவோ தேவையில்லை என்று சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. அந்த இரண்டையும் வைத்துத்தான் நாடு முழுக்க "ஏன்" கேள்விகளைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆனால் "குறிப்பாக இல்லை" என்று எழுதிக் கைகழுவியது சரியல்ல. மனுதாரருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்று பிரிவு 5(3) சொல்கிறது. இதை வைத்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடலாம். போட்டால் ஜெயிக்கவும் கூடும். ஆனாலும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் புது மனுவை ஒழுங்காகப் போடுவதுதான் சீக்கிரம் முடியும் என்பது என் எண்ணம்.

வேதனையை எழுதுவது பற்றி ஒன்று. காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. தொடர்புகொள்ள முகவரி போதும். நீங்கள் ஏழையா, பணக்காரரா, ரோட்டில் விழுந்தீர்களா என்று கேட்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. கேட்காத கேள்விக்கு நாமாக முந்திக்கொண்டு இரண்டு பக்கம் பதில் எழுதுகிறோம்.

#8 வயல்வெளி

புரிகிறது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியதே "ஏன்", "யார்" என்பதுதானே வக்கீல் சார்? அதைக் கேட்கக் கூடாது என்றால் இந்தச் சட்டம் எதற்கு?

#9 தடம்

எங்கள் பகுதியில் ஏரி, ரோடு, ரேஷன் என்று நிறைய மனு போட்டுப் பழகியவன் நான். "ஏன்" என்று கேட்க வேண்டாம் நண்பரே, "ஏன்" என்பதற்கான பதில் எந்தத் தாளில் எழுதியிருக்கிறதோ அந்தத் தாளைக் கேளுங்கள். உங்கள் நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொள்வோம்.

"ஏன் தரமற்ற முறையில் போடப்பட்டது?" தரமற்றது என்பது உங்கள் முடிவு. அவர்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் மதிப்பீட்டில் கான்கிரீட் எத்தனை செ.மீ. கனம், என்ன கலவை, எத்தனை மீட்டர் நீளம் என்று இருக்கும். போட்ட பிறகு அளந்து எழுதியது அளவீட்டுப் புத்தகத்தில் இருக்கும் (எம் புக் என்பார்கள்). இரண்டின் நகலையும் வாங்கி, பெயர்ந்து கிடக்கும் இடத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்று எண்களும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் "ஏன்" தானாக வெளியே வரும்.

"யார் பொறுப்பு?" ஒப்பந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தப் பத்திரத்தைக் கேளுங்கள். எத்தனை காலத்துக்குள் பழுதானால் அவர் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று அதில் விதி இருக்கும். அளந்தவர் யார், மேலளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது எம் புக்கிலேயே இருக்கும். பெயர் கேட்கவே வேண்டாம், கையெழுத்தோடு வரும்.

"நிதி எங்கே போனது?" பணம் வழங்கிய பட்டியல்கள்.

"என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?" இனிமேல் நடக்கப்போவது எந்தக் கோப்பிலும் இருக்காது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த மனு ஒரு கோப்பில் இருக்கும். "இன்ன தேதியில் நான் கொடுத்த மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

இப்படி மாற்றிக் கேட்டாலே மனு தானாகச் சுருங்கிவிடும். தனியாக உட்கார்ந்து வெட்ட வேண்டியதில்லை. என் அனுபவத்தில் மனு நீளுவதற்குக் காரணம் சொல்வளம் அல்ல. என்ன வேண்டும் என்று நமக்கே முடிவாகாததுதான்.

எந்தெந்த ஆவணம் இருக்கிறது என்றே தெரியாவிட்டால் நகல் கேட்காதீர்கள், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். பிரிவு 2(ஜே)-இல் அந்த உரிமை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்தை மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கலாம். இருபது கேள்வி எழுதுகிற இடத்தில் ஒரு வரி போதும்.

#10 கறுப்புக்கோட்டு

தடம் சொன்னது அருமை. ஒரு விதிவிலக்கை மட்டும் சேர்க்கிறேன். அலுவலகம் எடுத்த ஒரு முடிவால் நீங்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருந்தால், அந்த முடிவுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமை பிரிவு 4(1)(டி)-இன்படி அவர்களுக்கு உண்டு. உதாரணமாக, உங்கள் பட்டா மனுவைத் தள்ளுபடி செய்தார்கள் என்றால் "ஏன்" என்று தாராளமாகக் கேட்கலாம், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு. ரோடு விஷயத்தில் அது பெரிதாக உதவாது.

#11 திண்ணை

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், என் பங்குக்கு ஒரு மனு:

"ஐயா, எங்கள் தெரு ரோடு, எம் புக் நகல் தரவும். நன்றி."

சுருக்கத்தில் இதை யாராவது அடித்துக்கொள்ள முடியுமா?

#12 பழைய கோப்பு

எந்தத் தெரு, எந்த ஊராட்சி, எந்த வருஷத்து ரோடு என்று இல்லையே தம்பி. ஒரு ஒன்றியத்தில் எத்தனை தெரு, எத்தனை எம் புக் இருக்கும் தெரியுமா? இதுவும் "குறிப்பாக இல்லை" என்றுதான் திரும்பும். மூன்று பக்க மனுவும் இந்த ஒரு வரி மனுவும் ஒரே பதிலை வாங்கும்.

அந்த மூன்று பக்கத்திலேயே எனக்கு ரொம்ப நீளமாகப் பட்டது எது என்றால் "அனைத்து விவரங்களும்" என்ற இரண்டு சொல்தான். அதற்குப் பதில் எழுதுவதென்றால் பீரோவையே தூக்கி அனுப்ப வேண்டும்.

#13 இலக்கணக் குறும்பு

பள்ளியில் தமிழாசிரியர். இந்தப் பேச்சு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் நூலுக்குப் பத்து அழகு சொல்கிறார். முதல் அழகு சுருங்கச் சொல்லல், அடுத்தது விளங்க வைத்தல். இதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அதே இடத்தில் பத்துக் குற்றமும் சொல்லியிருக்கிறார், அதை யாரும் சொல்வதில்லை. குற்றத்தில் முதலாவது "குன்றக் கூறல்". மிகைபடக் கூறல் அதற்கு அடுத்துத்தான் வருகிறது! திண்ணையின் மனு முதல் குற்றம், பெரியவரின் மனு இரண்டாம் குற்றம்.

மிச்சமும் மனுவுக்கு அப்படியே பொருந்துகிறது. கூறியது கூறல்: "மேற்படி" என்று எழுதிவிட்டு அதையே திரும்ப எழுதுவது. மற்றொன்று விரித்தல்: ரோடு பற்றிய மனுவில் பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காலை ஆக்கிரமித்த கதை. வயல்வெளி, உங்கள் இரண்டாம் பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

#14 வயல்வெளி

வாய்க்கால் இல்லை ஐயா. தெருவிளக்கு இருக்கிறது. போன ஊராட்சித் தலைவர் காலத்துக் குடிநீர்த் தொட்டியும் இருக்கிறது.

#15 தடம்

தொட்டிக்குத் தனி மனு. பத்து ரூபாய்தானே. கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு பொருள்தான் கேட்க வேண்டும், சாதாரணமாக 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று 2008-இல் விதியே போட்டார்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2012 விதிப்படி 500 சொல்.

#16 கறுப்புக்கோட்டு

அதே 2012 விதியில், 500 சொல்லைத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது பயந்து முக்கியமானதை வெட்டிவிடுவார்கள். மத்திய அரசின் இணையத் தளத்தில் போடுவதாக இருந்தால் 3,000 எழுத்துக்குமேல் பெட்டியில் ஏறாது, மிச்சத்தைப் பிடிஎஃப் ஆக இணைக்க வேண்டும்.

அரசு வைக்கும் சொல் வரம்பு எனக்குப் பிடிப்பதில்லை. சட்டம் தெரியாத ஒருவர் நாலு சொல் கூட எழுதத்தான் செய்வார். எழுதவே தெரியாதவர் வாயால் சொன்னால்கூட அலுவலர்தான் எழுதி வாங்க வேண்டும் என்கிற சட்டம் இது. சுருக்கம் மனுதாரரின் நன்மைக்கு இருக்கட்டும். அலுவலகத்தின் கையில் கத்தரியைக் கொடுக்கக் கூடாது.

#17 நெல்லைக்காரன்

அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன், நான் சொன்னால் யாரும் கேட்கவில்லை, வக்கீல் சொன்னால் சரியாகிவிடுகிறது :)

சரி, ஆர்டிஐயில் வேதனை வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்த வேதனையை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

#18 செம்பருத்தி

அதற்கு வேறு மனு இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். அப்புறம் கிராம சபை, வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோட்டைச் சரிசெய்யக் கோரித் தீர்மானம் போடலாம்.

ஆனால் அங்கேயும் "சொல்லொணாத் துயரம்" என்று எழுதாதீர்கள். சொல்ல முடியாத துயரம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்பவருக்கு என்ன தெரியும்? எந்த ஊர் மனுவிலும் அந்தச் சொல் இருக்கிறது, கலெக்டர் அதைத் தாண்டிக் கண்ணை ஓட்டிவிடுவார். "பள்ளிக்கூட வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். மழை பெய்தால் ஆட்டோக்காரர் கோயிலோடு இறக்கிவிடுகிறார்" என்று எழுதினால், அவர் தாசில்தாரையோ பிடிஓவையோ (வட்டார வளர்ச்சி அலுவலர்) பார்த்து "அப்படியா?" என்று கேட்பார். நெல்லைக்காரரே, வேதனையைக் குறைக்கச் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதினால் சொல்லும் குறைந்துதான் போகிறது.

#19 நெல்லைக்காரன்

ஆட்டோ வரி நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

#20 பழைய கோப்பு

சுருக்கம் பற்றிப் பேசும்போது தந்தி ஞாபகம் வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2013 ஜூலையோடு தந்தியே நின்றுவிட்டது. சொல்லுக்குக் காசு. அதனால் எல்லோரும் பிரமாதமாகச் சுருக்குவார்கள். "உடனே புறப்பட்டு வரவும்" என்று வந்தால், கல்யாணப் பேச்சா, காரியமா, கடன்காரனா என்று தெரியாமல் வீடே ஒப்பாரி வைக்கும். தந்திக்காரர் சைக்கிளைத் தெருமுனையில் பார்த்தாலே அழ ஆரம்பித்த வீடுகளும் உண்டு. காசுக்காகச் செய்கிற சுருக்கம் அப்படித்தான் முடியும்.

#21 வயல்வெளி

எல்லோர் சொன்னதையும் வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்.

"ஐயா, எங்கள் ஊராட்சி வடக்குத் தெருவில் கடந்த இரண்டு ஆண்டுகளில் போடப்பட்ட சிமெண்ட் சாலை மற்றும் வடிகால் பணிக்கான மதிப்பீடு மற்றும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்தப் பத்திரம், பணம் வழங்கிய பட்டியல்கள், தரப் பரிசோதனை செய்யப்பட்டதா என்ற விவரம் மற்றும் நான் கொடுத்த மனு மீதான குறிப்புகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

#22 திண்ணை

முதல் மனுவுக்கு இது எவ்வளவோ மேல்! நம்ப முடியவில்லை.

#23 கறுப்புக்கோட்டு

மேல்தான். ஆனால் இன்னும் ஓட்டைகள் இருக்கின்றன, அலுவலகம் நுழைந்து போகிற அளவுக்கு.

"சாலை மற்றும் வடிகால் பணி" என்பது ஒரே பணியா, இரண்டு பணிகளா? இரண்டு என்றால் இரண்டு மதிப்பீடு இருக்கும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு "கோரிய தகவல் வழங்கப்பட்டது" என்பார்கள். வடிகால் போட்டார்களா இல்லையா?

"மதிப்பீடு மற்றும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல்" என்று எழுதினால், மதிப்பீட்டுக்கு நகல் கேட்டீர்களா, தொகையை மட்டும் கேட்டீர்களா? "மதிப்பீடு: இத்தனை லட்சம் ரூபாய்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அது தப்பு என்று வாதாட முடியாது. நீங்கள் எழுதியதற்கு அப்படியும் பொருள் வரும்.

"கடந்த இரண்டு ஆண்டுகளில்" என்றால் எந்த நாளிலிருந்து? மனு எழுதிய நாளா, கிடைத்த நாளா, காலண்டர் ஆண்டா, நிதியாண்டா? தேதி போடுங்கள்.

"செய்யப்பட்டதா என்ற விவரம்" என்றால் ஆம், இல்லை என்று முடித்துவிடலாம். அறிக்கையின் நகல் கேளுங்கள்.

"நான் கொடுத்த மனு" எது? தேதியும் அவர்கள் கொடுத்த ந.க. எண்ணும் (கோப்பு எண்) போடுங்கள்.

மனு நீளம் இதனால் கூடத்தான் செய்யும். கூடட்டும். ஒவ்வொரு சொல்லும் ஒரு ஓட்டையை அடைக்கிறது.

#24 இலக்கணக் குறும்பு

அந்த "மற்றும்"களைப் பற்றி நானே சொல்ல நினைத்தேன், வக்கீல் முந்திவிட்டார். வரிசை எண் போட்டுவிட்டால் அவை எதுவுமே தேவைப்படாது.

#25 செம்பருத்தி

ஒரு நடைமுறை யோசனை. எழுதி முடித்ததும் ரோடு விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்னென்ன கேட்டிருக்கிறேன், விரல்விட்டு எண்ணிச் சொல்" என்று கேளுங்கள். அவர் எண்ணியதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் அனுப்பலாம். எங்கள் டெஸ்க்கில் இப்படித்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்போம். எழுதியவர் கண்ணுக்கு விடுபட்டது தெரியாது, மனதில் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிடுவார்.

#26 நெல்லைக்காரன்

எல்லாம் சரி. அந்தப் பெரியவரை யாரும் குறை சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார், அவர் எழுதிக் கொடுத்த மனுவால் என் அத்தைக்கு விதவை உதவித்தொகை கிடைத்தது. மனு எழுத வருகிறவர் காசு கொடுக்கிறார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் "இதுக்கா இவ்வளவு காசு?" என்று முகம் சுருங்கும். "பணிந்து சமர்ப்பிக்கும் மனு" என்று கம்பீரமாக ஆரம்பித்து மூன்று பக்கம் இருந்தால்தான் வாங்குகிறவருக்குத் திருப்தி. ரெவின்யூ மனுவுக்கு அந்த நடை பழகிப்போனது, ஆர்டிஐ அவருக்கு அப்புறம் வந்தது.

#27 பழைய கோப்பு

உண்மை. மரியாதைச் சொல்லை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். மேலே ஒரு "ஐயா", கீழே ஒரு "இப்படிக்கு". நடுவில் மூன்று முறை பணிவன்பு வேண்டாம். அதைப் பார்த்து நான் யாருக்கும் சீக்கிரம் பதில் போட்டதில்லை, இல்லாததால் தாமதம் செய்ததும் இல்லை.

#28 வயல்வெளி

அந்தப் பெரியவரிடமே திருத்திய மனுவைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, "இதை எழுதறதுக்கு எதுக்குப்பா நான்?" என்றார். பிறகு அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வடக்குத் தெருவில் இரண்டு ரோடு இருக்கிறதே, எதைச் சொல்கிறாய் என்று கேட்டார். இங்கே யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லாத கேள்வி! அதையும் சேர்த்துவிட்டேன். கடைசி வடிவம்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: வடக்குத் தெரு சிமெண்ட் சாலை – ஆவண நகல்கள் கோருதல் – தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1).

ஐயா,

எங்கள் ஊராட்சி வடக்குத் தெருவில், மாரியம்மன் கோயில் முதல் தொடக்கப் பள்ளி வரை, 1.4.2022 முதல் 31.3.2024 வரையிலான காலத்தில் சிமெண்ட் சாலை போடப்பட்டது. அந்தப் பணி தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்.

1. மதிப்பீடு, முழுவதும்.
2. பணி ஆணை.
3. ஒப்பந்தப் பத்திரம், நிபந்தனைகளுடன்.
4. இந்தப் பணி பதிவான அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள்.
5. ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கிய பட்டியல்கள்.
6. தரப் பரிசோதனை அறிக்கை. அறிக்கை அலுவலகத்தில் இல்லையென்றால் 'இல்லை' என்று தெரிவிக்கவும்.
7. இந்தச் சாலை பற்றி நான் கொடுத்த மனு (தேதி, ந.க. எண்) மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள்.

இவற்றில் ஏதேனும் வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)-இன்படி அங்கே அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும். நகல் கட்டணத்தைத் தெரிவித்தால் செலுத்துகிறேன்.

இப்படிக்கு…"

வடிகால் தனி மனு. தொட்டி தனி மனு.

#29 தடம்

ஏழில் ஒன்று, நான்கு ஆகிய இரண்டும் வந்தாலே உங்களுக்கு வேலை முடிந்த மாதிரி. பதில் வந்ததும் மதிப்பீட்டில் கனம் எவ்வளவு என்று இங்கே போடுங்கள்.

#30 கறுப்புக்கோட்டு

6(3)-ஐச் சேர்த்தது நல்லது. மாற்றி அனுப்ப அவர்களுக்கு ஐந்து நாள்தான். மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் அரைப் பக்கம் போதும்.

#31 பழைய கோப்பு

தம்பி, மனுவில் தேதி இல்லை. கையெழுத்துக்கு இடப்பக்கம் இடமும் நாளும் எழுதுங்கள். அனுப்புநர் முகவரியில் பின்கோடும் செல் நம்பரும் இருக்கட்டும், நகல் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல யாராவது கூப்பிடுவார்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுண்டரில் பட்டுவாடா அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

#32 வயல்வெளி

தேதி, பின்கோடு இரண்டும் எழுதிவிட்டேன் ஐயா. திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.

#33 திண்ணை

எனக்கும் மின்வாரியத்துக்கு ஒரு மனு எழுத வேண்டியிருக்கிறது, இதே இழையில் போடலாமா?

#34 இலக்கணக் குறும்பு

மற்றொன்று விரித்தல். தனி இழை தொடங்குங்கள்.